கத்திரி வெயிலும் 50 கிராம் டியூபும்: கடையில் கிடைக்கும் சன்ஸ்கிரீன் வகைகள், ஒரு மதிப்பீடு

சன்ஸ்கிரீனை ஒழுங்காகத் தடவுகிறோமா என்று தெரிந்துகொள்ள டாக்டரிடம் போக வேண்டாம். டியூப் எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தால் போதும். 50 கிராம் டியூப் மூன்று மாதம் வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அவர் காசு கொடுத்தது எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு எண்) 50க்கு, முகத்தில் ஏறியது அதில் கால்வாசிகூட இருக்காது.

கணக்கு சின்னதுதான். சோதனைக்கூடத்தில் எஸ்.பி.எஃப். அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவுகிறார்கள். பெரியவர்களின் முகம் ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர். அதற்கு மட்டும் 1.2 கிராம் வேண்டும். காது, கழுத்து, பிடரி எல்லாம் சேர்ந்தால் 2 கிராமுக்குக் குறையாது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்றால் நாளைக்கு 4 கிராம். 50 கிராம் டியூப் பன்னிரண்டு, பதிமூன்று நாளில் காலியாகிவிட வேண்டும். மூன்று மாதம் ஓடுகிறது என்றால் நாள் முழுக்கவே அரை கிராம் சொச்சம்தான் போகிறது. அளவு குறைந்தால் பாதுகாப்பும் அதோடு சேர்ந்து இறங்கும், சில சமயம் அதைவிட வேகமாக.

அதனால் இந்த மதிப்பீட்டில் விலைக்கு முதல் இடம். 50 கிராம் 600 ரூபாய் என்றால் ஒழுங்காகத் தடவுகிறவருக்கு மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் ஆகும். அந்த விலையைப் பார்த்தே கை தானாகச் சுருங்கும். 600 ரூபாய் எஸ்.பி.எஃப். 50ஐப் பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைப்பதைவிட, 250 ரூபாய் எஸ்.பி.எஃப். 30ஐத் தாராளமாகப் பூசுவது மேல். வாங்குவதற்கு முன் அட்டையில் உள்ள விலையைக் கிராமால் வகுத்துப் பாருங்கள். 30 கிராம் டியூபை 50 கிராம் மாதிரிப் பெரிய பெட்டியில் போட்டு விற்பது இந்தச் சந்தையில் சகஜம்.

அட்டையில் எதைப் பார்ப்பது

வெயிலில் உள்ள யுவி, அதாவது புற ஊதாக் கதிரில், யுவி-பி, யுவி-ஏ என்று இரண்டு வகை நம்மைத் தொடும். பெரிய எழுத்தில் இருக்கும் எஸ்.பி.எஃப். எண் யுவி-பி கதிரைப் பற்றியது. தோல் எரிந்து சிவப்பதற்கு முக்கியக் காரணம் அது. எஸ்.பி.எஃப். 15 சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. முப்பதுக்கு மேல் எண் ஏற ஏற விலைதான் வேகமாக ஏறுகிறது. ஐரோப்பாவில் 50க்கு மேல் என்ன இருந்தாலும் '50+' என்று மட்டும்தான் அச்சிடலாம். நம் ஊர் அலமாரியில் 70, 100 என்று பார்த்தால் அசந்துபோக வேண்டாம்.

நம் தோலுக்கு அந்த எண்ணைவிட முக்கியம், பக்கத்தில் சின்னதாக இருக்கும் பி.ஏ. என்ற எழுத்தும் கூட்டல் குறிகளும். மாநிறத் தோலும் கறுத்த தோலும் வெள்ளைத் தோலைப் போல எளிதில் வெந்து சிவப்பதில்லை. நமக்கு வரும் தொல்லை வேறு: கருத்துப்போவது, பரு போன இடம் மாதக்கணக்கில் கரும்புள்ளியாக நிற்பது, கன்னத்தில் மங்கு படர்வது. இவற்றில் யுவி-ஏ கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. பி.ஏ. என்பது ஜப்பானியர்கள் 1996இல் கொண்டுவந்த அளவுமுறை. மூன்று கூட்டல் என்றால் யுவி-ஏ பாதுகாப்பு எண் 8 முதல் 16க்குள். நான்கு கூட்டல் என்றால் 16, அல்லது அதற்கு மேல். எஸ்.பி.எஃப். 50, பி.ஏ.+++ என்று போட்ட டியூப் யுவி-பியில் ஐம்பதில் ஒரு பங்கை உள்ளே விடும்போது, யுவி-ஏயில் எட்டில் ஒரு பங்கு வரை விடலாம். ஆகவே எஸ்.பி.எஃப். 40, பி.ஏ.++++ ஒரு பக்கமும் எஸ்.பி.எஃப். 60, பி.ஏ.+++ மறுபக்கமும் இருந்தால், மங்கு உள்ளவர்கள் யோசிக்காமல் முதலாவதை எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் டியூபில் பி.ஏ. இல்லாமல் வட்டத்துக்குள் 'யுவிஏ' என்று இருந்தால், அது ஐரோப்பிய அடையாளம்: எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யுவி-ஏ பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 2025இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 அட்டையில் சொன்ன எஸ்.பி.எஃப். எண்ணை எட்டவில்லை. சன்ஸ்கிரீனுக்குக் கெடுபிடி அதிகம் உள்ள நாட்டிலேயே இந்தக் கதை. இந்தியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருளாகத்தான் கணக்கில் வருகிறது. 2025 ஏப்ரலில் லக்மே விளம்பரம் ஒன்று, சந்தையில் உள்ள சில எஸ்.பி.எஃப். 50 டியூபுகள் உண்மையில் 20தான் தருகின்றன என்கிற தோரணையில் வர, தி டெர்மா கோ-வின் தாய் நிறுவனமான ஹொனாசா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு விளம்பரத்தை மாற்றிக்கொள்ள லக்மேயின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்புக்கொண்டது. அந்தச் சண்டையால் வாடிக்கையாளருக்குக் கிடைத்த லாபம், 'இன் விவோ' என்ற சொல். மனிதத் தோலில் தடவிச் சோதித்தது என்று அர்த்தம். அட்டையிலோ நிறுவனத்தின் தளத்திலோ அது இருந்தால் ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

வகை வகையாக

தண்ணீர் மாதிரி இருக்கும் ஜெல், எசென்ஸ் வகை. ஜப்பானின் பயோரே யுவி அக்வா ரிச் இதற்கு நல்ல உதாரணம், எஸ்.பி.எஃப். 50+, பி.ஏ.++++. அதைப் பார்த்து இந்தியாவிலும் 'அக்வா', 'வாட்டர் ஜெல்' என்று பெயர் வைத்து நிறைய வந்துவிட்டன. பூசினால் அரை நிமிஷத்தில் காணாமல் போகும், வெள்ளை தெரியாது, பிசுபிசுப்பு இல்லை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் புழுக்கத்தில் மனிதர் முழு அளவு தடவச் சம்மதிக்கும் வகை இதுதான். அதற்காகவே இதற்கு முதல் இடம் கொடுக்கலாம். குறை இரண்டு. பலவற்றில் ஆல்கஹால் இருப்பதால் ஷேவ் செய்த முகத்தில் சுரீர் என்று எரியும். அதைவிடப் பெரிய குறை, வியர்வையில் சீக்கிரம் கழன்றுவிடும். அட்டையில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இல்லாவிட்டால் அலுவலகம் போய் ஏசியில் உட்காருகிறவருக்கு மட்டும் சரி. டெலிவரி வேலைக்கும் மார்க்கெட்டிங் அலைச்சலுக்கும் தாங்காது.

சிலிகோன் ஜெல். தோல் டாக்டர்கள் எண்ணெய்ப் பசை முகத்துக்கும் பரு முகத்துக்கும் அதிகம் எழுதித் தருவது. கையில் எடுத்தால் வழவழவென்று பட்டு மாதிரி இருக்கும், பூசிய பிறகு முகம் பளபளக்காது. வியர்வையை ஓரளவு தாங்கும். ஆனால் அடியில் மாய்ஸ்சரைசர் காயாமல் இருந்தால் திரி திரியாக உருண்டு வரும். அழுக்கு உருள்வதாக நினைத்துப் பலர் மேலும் தேய்ப்பார்கள், அதோடு பாதுகாப்புப் படலமும் போய்விடும். கீழே பூசியது முழுக்கக் காய ஐந்து நிமிஷம் விட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பரப்பினால் உருளாது. இரவில் வெறும் தண்ணீருக்குப் போகாது. ஃபேஸ் வாஷ் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். கழுவாமல் படுத்துவிட்டு 'சன்ஸ்கிரீன் போட்டதால் பரு வந்தது' என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இந்த வகைக்காரர்கள்தான் என்று தோன்றுகிறது.

கிரீம், லோஷன். மதுரை, கரூர், வேலூர் பக்கத்து வறண்ட அனலில் தோல் காய்ந்து இழுக்கும்; அங்கே இது கைகொடுக்கும். விலையும் கிராம் கணக்கில் பெரும்பாலும் குறைவு. கைக்கும் காலுக்கும் 100 மில்லி லோஷன் பாட்டில்தான் கட்டுப்படியாகும். கடலோரப் புழுக்கத்தில் இதையே கழுத்திலும் மார்பிலும் கனமாகப் பூசினால் வேர்க்குரு கிளம்பும்.

ஜிங்க் ஆக்ஸைடு வகைக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிய தவறான பேச்சு அதிகம். 'மினரல்', 'ஃபிஸிக்கல்' என்ற பெயரில் விற்கிறார்கள். கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும் என்பது விளம்பர வாசகம். உண்மையில் யுவி கதிரில் பெரும்பகுதியை இதுவும் உறிஞ்சத்தான் செய்கிறது. நல்ல குணம் என்னவென்றால், யுவி-பி, யுவி-ஏ இரண்டையும் ஒரே பொருள் தடுக்கும், வெயிலில் சிதையாது, கண்ணில் வழிந்தாலும் எரிச்சல் குறைவு, ஒவ்வாமை அரிது. எளிதில் சிவந்து எரியும் தோலுக்கும் ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்கும் இதுதான் சரி. கெட்ட குணம் எல்லோருக்கும் தெரிந்ததே: மாநிற முகத்தில் பூசினால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். இதை மட்டும் வைத்து நல்ல எஸ்.பி.எஃப். எட்ட 15 முதல் 20 சதவீதம் வரை சேர்க்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு சேர்த்தால் வெள்ளை தெரியாமல் இருக்காது. 'நோ ஒயிட் காஸ்ட்' என்று போட்டிருக்கிறதே என்று நம்பி வாங்காமல், கடையில் டெஸ்டர் இருந்தால் தாடைக்குக் கீழே தடவி, வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட்டில் எல்லாச் சாம்பலும் மறைந்துவிடும்.

டின்டட், அதாவது நிறம் கலந்த வகை. மங்கு உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். யுவி மட்டும் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், குறிப்பாக நீல வெளிச்சம், நம் மாதிரித் தோலில் கருமையைத் தூண்டுகிறது. நிறமில்லாத சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 100 ஆனாலும் அதைப் பெரிதாகத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு தடுக்கும். அது இருந்தால் கிரீம் பழுப்பு, மஞ்சள் கலந்து தெரியும். பின்பக்கப் பட்டியலில் 'அயர்ன் ஆக்ஸைட்ஸ்' என்றோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களாகவோ இருக்கும். சந்தையில் இந்த வகையின் சோகம் நிறங்கள்தான். ஒரே ஷேடை 'எல்லாத் தோலுக்கும்' என்று போட்டு விற்கிறார்கள். அது பெரும்பாலும் வெளுத்த தோலுக்குப் பொருந்துவதாக இருக்கிறது.

ஸ்டிக். முழு முகத்துக்கு இது ஒன்றே போதாது. ஒரு இடத்தில் நாலு தடவை மேலும் கீழும் இழுத்தால்தான் போதிய அளவு ஏறும். ஆனால் மதியம் திரும்பப் போட, காது மடலுக்கு, மூக்குத் தண்டுக்கு, புறங்கைக்கு இதைவிட வசதி எதுவும் இல்லை. கண்ணில் வழியாது. பைக் டேங்க் பையில் சிந்தாமல் கிடக்கும்.

ஸ்ப்ரே, பவுடர் இரண்டையும் தள்ளிவிடலாம். மெரினாவில் நின்று ஸ்ப்ரே அடித்தால் பாதி காற்றோடு போகும், கொஞ்சம் மூக்குக்குள் போகும், எவ்வளவு தோலில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. எஸ்.பி.எஃப். போட்ட காம்பாக்ட் பவுடர் மேக்கப்புக்கு மேலே போனஸ், அவ்வளவே.

பின்பக்கப் பட்டியல்

ஒரு பெயரை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: அவோபென்சோன். சில அட்டைகளில் 'பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன்' என்று ரயில் மாதிரி நீளும். இரண்டும் ஒன்றே. யுவி-ஏவை நன்றாகத் தடுக்கும் பொருள். நியூட்ரோஜினா அல்ட்ரா ஷீர் போன்ற பழைய பெயர்களிலிருந்து நேற்று வந்த பிராண்டு வரை இதை நம்பியே ஓடுகிறார்கள். பிரச்சினை என்னவென்றால் தனியாக விட்டால் வெயில் பட்டே சிதையும். கூட ஆக்டினாக்ஸேட் என்ற யுவி-பி தடுப்புப் பொருள் இருந்து, தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை என்றால் சிதைவு இன்னும் வேகம். ஆக்டோக்ரிலீன் அல்லது டினோசார்ப் எஸ் எனப்படும் பெமோட்ரிசினால் கூட இருந்தால் நிலைத்து நிற்கும். புதிய ஃபார்முலாக்களில் அவோபென்சோனுக்குப் பதில் யுவினுல் ஏ பிளஸ் வருகிறது. அது வெயிலில் நிலைக்கும், கண் எரிச்சலும் ஒப்பிட்டால் குறைவு. இரண்டு டியூப் ஒரே விலையில் இருந்தால் யுவினுல் ஏ பிளஸ், டினோசார்ப் உள்ளதை எடுங்கள்.

அவோபென்சோனுக்கு இன்னொரு வம்பும் உண்டு. வெள்ளைச் சட்டைக் காலரில் துரு நிறத்தில் கறை வந்து, எத்தனை துவைத்தாலும் போகாமல், துவைக்கத் துவைக்க இன்னும் அழுத்தமாகத் தெரிகிறதா? சலவைத்தூளைக் குறை சொல்ல வேண்டாம். போர் தண்ணீரில் உள்ள இரும்பும் காலரில் ஒட்டிய அவோபென்சோனும் சேர்ந்து செய்கிற வேலை அது. பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை நிலைத்துவிடும். எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, ஒரு மேசைக்கரண்டி ஒரு குவளை வெந்நீரில் கரைத்து, கறை பட்ட இடத்தை அரை மணி நேரம் ஊறவைத்து, அலசிவிட்டுப் பிறகு துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். பள்ளிச் சீருடையும் வக்கீல் சட்டையும் துவைக்கிற வீட்டில் அவோபென்சோன் இல்லாத டியூப் வாங்குவதே மிச்சம்.

தடவுவது எப்படி, எங்கே கோட்டை விடுகிறோம்

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கான அளவு. டியூபின் வாய் மிகச் சிறுத்திருந்தால் மூன்று கோடு. மொத்தத்தையும் ஒரே தடவையில் அப்பினால் திட்டுத் திட்டாக நிற்கும். முதல் கோட்டைப் பரப்பி, இரண்டு நிமிஷம் விட்டு, இரண்டாவதைப் போடலாம். படலம் காய்ந்து பிடிக்க 15 நிமிஷம் கொடுத்துவிட்டு வெளியே போங்கள். செருப்பை மாட்டிக்கொண்டே தடவி, உடனே ஹெல்மெட் போட்டால் நெற்றியில் போட்டது எல்லாம் ஹெல்மெட் பஞ்சுக்குத்தான்.

விட்டுப்போகும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: காது மடல், பிடரி, முன்கழுத்தின் வி வடிவம், தலை வகிடு, புறங்கை, செருப்பு வாருக்கு நடுவே பாதம். கார் ஓட்டுகிறவர்களுக்கு வலது கையும் வலது கன்னமும். முன்கண்ணாடி லேமினேட் செய்தது, யுவி-ஏவையும் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கவாட்டுக் கண்ணாடி பல வண்டிகளில் யுவி-பியை மட்டுமே தடுக்கும். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட பிறகு அந்தப் பக்கம் திறந்த வாசல். ஏசி போட்டு ஜன்னலை ஏற்றிவிட்டோம், வெயில் படவில்லை என்று நினைத்தால் ஆறு மாதத்தில் இரண்டு கையும் இரண்டு நிறத்தில் இருக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்று எல்லா அட்டையிலும் இருக்கிறது. வெளியே அலைகிறவர்களுக்கு அது சரி. உள்ளே ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பவர் சாப்பாட்டுக்கு வெளியே போகும் முன் ஒரு தடவை போட்டால் போதும். வியர்த்த முகத்தில் அப்படியே பூசினால் சேறு மாதிரி குழையும். முதலில் முகத்தில் தண்ணீர் அடித்து, கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, பிறகு பூசுங்கள். வியர்வையையும் ஒற்றத்தான் வேண்டும். கர்ச்சீப்பால் அழுத்தித் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் நூறு ரூபாய் கிரீமில் கொஞ்சம் அதோடு போகிறது.

சூடும் யுவியும் ஒன்றல்ல

சென்னையில் உச்சி வெயில் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் 12 மணியைத் தொட்டு வருகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழலே இல்லாமல் போகும். யுவி அந்த நேரத்தில்தான் உச்சம். குறியீடு 11ஐத் தாண்டி 'அதிதீவிரம்' என்ற கட்டத்தில் நிற்கும். அனல் உச்சத்துக்கு வருவது இரண்டு, மூன்று மணிக்கு. ஆகவே மாலை நாலரை மணிக்கு வீதி தகித்தாலும் யுவி பெரும்பாலும் இறங்கிவிட்டிருக்கும். காலை 10 மணிக்கு 'இன்னும் வெயில் ஏறவில்லை' என்று தோன்றும்போது அது ஏறி நிற்கும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சன்ஸ்கிரீன் வேண்டும். கோடையில் இங்கே அது காலை 9 மணி சுமாருக்கே ஆரம்பித்து மாலை 3 மணி தாண்டும்வரை நீடிக்கிறது. மெல்லிய மேகம் யுவியைப் பெரிதாக மறைக்காது. ஊட்டி, கொடைக்கானல் குளிர் இன்னும் ஏமாற்றும்: ஆயிரம் மீட்டருக்கு யுவி சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகில் போய்வந்தவர்கள் மூக்கு உரிந்து திரும்புவது இதனால்தான்.

இவ்வளவுக்கும் சன்ஸ்கிரீனைவிடக் குடை மலிவு. கறுப்புக் குடை நேர்க் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். பக்கத்திலிருந்து சிதறி வருவதைத் தடுக்காது, அதனால் கிரீமும் வேண்டும். துணியில் நெசவு நெருக்கமும் நிறமும் பார்க்க வேண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துப்பட்டா அவ்வளவு உதவாது, நனைந்தால் இன்னும் மோசம். சிக்னலில் விற்கும் முழங்கை உறையை வாங்கும் முன் கையில் மாட்டி இழுத்து, செல்ஃபோன் டார்ச்சுக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியே நுழையும். அடர்நிறத்தில், கொஞ்சம் தளர்வாக உள்ளதே நல்லது.

வீட்டு வைத்தியமும் கடைக் கிரீமும்

தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லது, வெயிலைத் தடுக்காது. மஞ்சளும் கடலை மாவும் அப்படியே. எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போவது மட்டும் நேரடி ஆபத்து: சாற்றில் உள்ள பொருள் யுவி பட்டால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, பிறகு மாதக்கணக்கில் கரும்பழுப்புத் தழும்பை நிறுத்தும். கோடையில் ஜூஸ் பிழிகிற கையிலும் இது வருவதுண்டு. பிழிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

வெளுக்க வைக்கும் என்று மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் மூன்று மருந்துக் கலவைக் கிரீம்கள் இன்னொரு வகை. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு சேர்ந்தவை. ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும். அந்த நிலையில் எந்த சன்ஸ்கிரீனைப் போட்டாலும் எரிகிறது என்று டியூப் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்களுக்கும் வெயில் சீக்கிரம் சுடும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான்.

எதை வாங்கலாம்

கடலோர ஊரில் அலுவலகம் போகிறவருக்கு, வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்ட எஸ்.பி.எஃப். 50, பி.ஏ.++++ ஜெல். நாள் முழுக்கப் பைக்கில் இருப்பவர் அதோடு ஒரு ஸ்டிக்கும் அடர்நிறக் கை உறையும் வாங்கிக்கொள்ளட்டும். பரு முகத்துக்குச் சிலிகோன் ஜெல். மங்குக்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்தது, நிறம் பொருந்தாவிட்டால் மேலே கொஞ்சம் சொந்த நிறப் பவுடர். கைகாலுக்கு, கிராம் கணக்கில் எது மலிவோ அந்த லோஷன்.

வாங்கியதை வண்டி டிக்கியிலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள். மே மாத மதியத்தில் அங்கே கிரீம் வெந்துவிடும். திறந்து அமுக்கும்போது முதலில் எண்ணெயோ தண்ணீரோ தனியாக வந்து, பிறகு கட்டியாக வந்தால் கலவை பிரிந்துவிட்டது. குலுக்கிப் போட்டாலும் சீராகப் பரவாது. காலாவதித் தேதி இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும் குப்பைக்குத்தான்.